இழைப்புளியும் நானும், ஒரு பாவ மன்னிப்பும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். (இப்பல்லாம் லீவு நாள்ல நிஜ ஆணியும் அடிக்கிறேன். அதைப் பத்திதான் இந்தப் பதிவு.)

எனக்கு இழைப்புளிப் பைத்தியம் பிடிச்சு ரெண்டு வருஷமாகுது. இழைப்புளி தெரியும்ல? சின்ன வயசுல வீட்டுக்குக் கதவு, ஜன்னல் செய்ய வர்ற ஆசாரி மரத்து மேல 'சர்ர்ர்'னு தள்ளுவாரே, சுருள் சுருளா சீவல் வந்து விழுமே, அதேதான். அந்தச் சுருளைப் பொறுக்கி வளையலா மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். அப்புறம் இஞ்சினியரிங் படிச்சு, பொட்டி தட்ட ஆரம்பிச்சு, கம்பெனிக்காரன் அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பி வெச்சப்போ அதெல்லாம் சுத்தமா மறந்தே போச்சு.

ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட் மாநிலத்துல இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர். அதனால நம்மாளுங்க கூட்டமும் அதிகம். அங்கேருந்து கார்ல கொஞ்ச நேரம் போனா நியூ பிரிட்டன். 'ஹார்டுவேர் சிட்டி'ன்னு அந்த ஊருக்குப் பட்டப்பேரு. (நான் சாஃப்ட்வேர், ஊரு ஹார்டுவேர். சரி சரி, அடிக்க வராதீங்க.) அந்த ஊர்லதான் ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி இருந்துச்சு. 1869-ல அவங்க லெனார்ட் பெய்லிங்கறவரோட இழைப்புளிக் காப்புரிமைகளை விலைக்கு வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் மரக்கட்டை இழைப்புளிதான். பிளேடை ஆப்பு வெச்சு இறுக்கி, சுத்தியால தட்டித் தட்டித்தான் ஆழத்தைச் சரி பண்ணணும். பெய்லியோட அமைப்புல பின்னாடி ஒரு சின்ன பித்தளைச் சக்கரம் இருக்கும். விரலால திருப்பினா பிளேடு இறங்கும், எதிர்ப்பக்கம் திருப்பினா ஏறும். இன்னிக்குக் கடையில கிடைக்கிற இரும்பு இழைப்புளியில பெரும்பாலானது அதோட வாரிசுதான்.

சேர்க்கிறவங்களுக்கு இது ஒரு கடல். 1-லேருந்து 8 வரைக்கும் அளவு வாரியா நம்பர். 1-ம் நம்பர் அஞ்சரை அங்குலம்தான், பொம்மை மாதிரி இருக்கும், ஆனா ஆயிரம் டாலருக்கு மேல போகும். 4-ம் 5-ம் ஏராளமா செஞ்சதால சல்லிசா கிடைக்கும். இந்தச் சல்லிசுக் கோஷ்டிதான் நம்ம கட்சி :-)

போன வருஷம் மே மாசம், ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி பிரிம்ஃபீல்டு சந்தைக்குப் போனேன். மாசசூசெட்ஸ்ல இருக்கு. 1959-லேருந்து நடக்குது. மே, ஜூலை, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு தடவை பழம்பொருள் திருவிழா. ஒரு மூலையில பெரியவர் ஒருத்தர் மடக்கு மேஜையில பழைய சாமான்களைப் பரப்பி வெச்சிருந்தார். அதுல துரு ஏறின 5-ம் நம்பர் ஒண்ணு. 14 அங்குலம், ரெண்டு கிலோ சொச்சம், கைப்பிடி ரோஸ்வுட். பிளேடைக் கழட்டிப் பார்த்தா, உள்ளே இரும்புல மூணு காப்புரிமைத் தேதி. 1902-ல ரெண்டு, 1910-ல ஒண்ணு. சேகரிக்கிறவங்க கணக்குப்படி 1910-லேருந்து 1918-க்குள்ள செஞ்சது. எனக்குக் கை நடுங்குச்சு. முகத்தை மட்டும் 'இது என்ன குப்பை'ங்கற மாதிரி வெச்சுக்கிட்டு விலை கேட்டேன். 25 டாலர்.

காசை வாங்கிக்கிட்டுப் பெரியவர் சொன்னார். "எங்க அப்பாவோடது. பக்கவாட்டுல அவர் பேரோட ரெண்டு எழுத்து அடிச்சிருப்பார். துருவுக்கு அடியில எங்கேயாவது இருக்கும், பாரு. நல்லா வெட்டுச்சுன்னா ஜூலையில ஒரு சுருள் கொண்டுவந்து காட்டு."

நானும் தலையை ஆட்டினேன். தலைதான் ஆடுச்சு, காது வேலை செய்யலை.

அந்த சனிக்கிழமையே சீனியர் ஒருத்தர் வீட்டு கராஜ்ல உக்காந்துட்டேன். கம்பி பிரஷ், அப்புறம் அவரோட பெல்ட் சாண்டர். அடிப்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, எல்லாம் பளபளன்னு கண்ணாடி. ஒண்ணு சொல்றேன், பக்கவாட்டு மின்னினா மரம் ஒண்ணும் கூடுதலா நல்லா சீவப்படாது. போட்டோவுக்காகத்தான் செஞ்சேன். பிளேடு முனை வேற நேரா இல்லாம நகம் மாதிரி லேசா வளைஞ்சிருந்துச்சு. நூறு வருஷத் தேய்மானம்னு நினைச்சு அதையும் தேய்ச்சு ஸ்கேல் வெச்ச மாதிரி நேராக்கினேன். எட்டு மணி நேர வேலை. பெருமையா வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட காட்டறேன்.

"அந்தப் பெரியவர் ஏதோ எழுத்து இருக்குன்னாரே, எங்கே?"

அப்பதான் வயித்துல ஏதோ உருண்டுச்சு.

லைட்டுக்கு அடியில திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. வாங்கின அன்னிக்கு எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தா, வலது பக்கம் துருவுக்குள்ள நிழல் மாதிரி ரெண்டு எழுத்து. முதல் எழுத்து டபிள்யூ. ரெண்டாவது என்னன்னு எவ்வளவு பெருசு பண்ணியும் தெரியலை. ஆபீஸ்ல எவனோ எழுதின பழைய கோடுல ஒரு வரியை 'இது எதுக்கு'ன்னு அழிச்சிட்டு, ராத்திரி புரொடக்‌ஷன் படுத்துக்கிட்டா பழைய வெர்ஷனை எடுத்துப் போட்டுடலாம். இரும்புக்கு ஏதுங்க பழைய வெர்ஷன்?

ஜூலை சந்தைக்கு நான் போகலை. வேலைன்னு சொல்லிக்கிட்டேன். பொய்.

நடுவுல அந்த இழைப்புளியை வெச்சு ஒரு ஷெல்ஃப் பண்ண ஆரம்பிச்சேன். வெட்டுச்சு, ஆனா தள்ளற ஒவ்வொரு தடவையும் பலகையில ரெண்டு ஓரமும் கோடு கோடாத் தடம் விழுந்துச்சு. ஏன்னு புரியலை. ஆகஸ்ட் கடைசியில தங்கமணி சொன்னா, "ஏங்க, தினமும் அதைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறதுக்கு நேரா போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

செப்டம்பர்ல போனேன். பெரியவர் அதே மூலையில. இழைப்புளியைக் கையில குடுத்து, "எழுத்தை அழிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க"ன்னேன். வாங்கி, வலது பக்கத்தைக் கட்டை விரலால தடவினார். எழுத்து எங்கே இருந்துச்சோ கரெக்டா அங்கே. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அது போகட்டும்னோ, பரவாயில்லைன்னோ அவர் சொல்லலை. நானும் எதிர்பார்க்கலை.

அப்புறம் அதைத் திருப்பி பிளேடு முனையைப் பார்த்தார்.

"இதை ஏன் நேராக்கினே?"

"தேஞ்சு போயிருந்துச்சு..."

"தேயலை. அப்பா வேணும்னே போட்ட வளைவு."

5-ம் நம்பர் முரட்டு மரத்தை முதல்ல வேகமா இறக்கறதுக்கான இழைப்புளியாம். முனை லேசா வளைஞ்சிருந்தா நடுவுல ஆழமா வெட்டும், ரெண்டு மூலையும் மரத்துல குத்தாது. நேரா இருந்தா மூலை இறங்கித் தடம் போடும். என் ஷெல்ஃப்ல இருந்த கோடு எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. ஒரு பென்சில் எடுத்து பிளேடு மேல வளைவை வரைஞ்சு காட்டினார். அவ்வளவு லேசான வளைவு. அதைக் கொண்டுவர்றதுக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, ஆனா வந்துடுச்சு. இப்போ ஓரத்துல தடம் விழறதில்லை.

கிளம்பறப்போ ரெண்டாவது எழுத்து என்னன்னு கேட்டேன். சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு சீட்டுல ரெண்டு எழுத்தையும் எழுதி அந்த இழைப்புளிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். திரும்ப இரும்புல அடிச்சா அது என் எழுத்துதானே, அவரோடது ஆகாது.

இப்போ எங்கிட்ட பதினோரு இழைப்புளி. புதுசா எது வந்தாலும் ஒரு வாரம் கையை வைக்கறதில்லை. நாலு பக்கமும் போட்டோ, அப்புறம் எண்ணெய் தொட்ட துணி, அப்புறம்தான் மத்ததெல்லாம். கோணலா ஏதாவது இருந்தா முதல்ல ஒரே கேள்வி: தேய்மானமா, இல்லை யாரோ வேணும்னே செஞ்சதா?

டிஸ்கி: அந்த ஷெல்ஃப் முடிஞ்சுது. ஒரு பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கும். அது வேணும்னே செஞ்சது இல்லைங்க :-)