‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை

1812, ஏப்ரல்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கின் மாடி வரிசை. கடிகாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார் இருபது வயது இளைஞர் ஒருவர். பெயர் மைக்கேல் ஃபாரடே, கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஒரு கடையில் புத்தகம் பைண்டிங் பழகுகிறார். நுழைவுச் சீட்டு அவர் காசில் வாங்கியதல்ல, கடைக்கு வரும் வாடிக்கையாளர் கொடுத்தது. மேடையில் பேசுகிறவர் ஹம்ஃப்ரி டேவி. அவர் பேசுகிறார் என்றால் லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும் முண்டியடித்து வரும் காலம் அது.

நான்கு சொற்பொழிவுகள் கேட்டார். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் விரித்து எழுதினார், கருவிகளின் படம் வரைந்தார், சுமார் முந்நூறு பக்கம் வந்ததும் தன் கையாலேயே பைண்டிங் போட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அதை டேவிக்கே அனுப்பினார். மறு மார்ச்சில் அங்கேயே உதவியாளர் வேலை. இதுவரை பாடப்புத்தகத்திலும் படித்திருப்போம். அந்த மாடியிலிருந்து ஃபாரடே வேதியியலை மட்டும் கவனிக்கவில்லை, பேசுகிறவரையும் சேர்த்தே கவனித்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

1813, ஜூன்

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சோதனைக் குடுவைகளைக் கழுவுவதும், பேராசிரியர்கள் பேசும்போது பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. இந்த மாதம் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு நீள நீளமாகக் கடிதங்கள் எழுதுகிறார். எல்லாம் ஒரே விஷயம்: விரிவுரை எப்படி நடத்த வேண்டும்.

தானே ஒரு விரிவுரைகூட நடத்தியதில்லை. கரையில் நின்று நீச்சல் சொல்லித்தருகிற கதைதான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதங்களில் விடுபட்டது குறைவு. அரங்கில் காற்றோட்டம் வேண்டும். பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அவசரப்பட்டுப் பேசக்கூடாது. கருவிகள் பேசுகிறவரை மறைக்கக்கூடாது. கைதட்டலுக்காக வளைந்து கொடுக்கக்கூடாது. பேசுகிறவர் மேசையோடு ஒட்டிவைத்தது போலவும், தரையில் திருகாணி போட்டு முடுக்கியது போலவும் நிற்கக்கூடாது, கொஞ்சமாவது அசைய வேண்டும் என்கிறார். வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் இந்த இடத்தில் யாராவது ஒரு ஆசிரியர் ஞாபகத்துக்கு வருவார்.

இன்னொன்றும் உண்டு. மன்னிப்புக் கேட்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகிறபோது மட்டும் கேட்கலாம். இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1816, ஜனவரி 17

முதல் மேடை. சிட்டி ஃபிலசாஃபிகல் சொசைட்டி என்று பெயர்தான் பெரிது. டாட்டம் என்ற ஆர்வலரைச் சுற்றி, படிக்க ஆசைப்பட்ட சாதாரண இளைஞர்கள் கூடிய சங்கம். டாட்டமின் வகுப்புக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பையனாக இருந்தபோது அந்தக் காசை அண்ணன் ராபர்ட் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போது அதே கூட்டத்தின் முன்னால் ஃபாரடே, வயது 24. பருப்பொருளின் பொதுப் பண்புகள் என்பது தலைப்பு. முழுவதையும் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

1818 – 1827

கடிதத்தில் பட்டியல் போடுவது வேறு, வாயைத் திறந்து பேசுவது வேறு என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். 1818இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரின் மாலை வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். அங்கும் நோட்டுப் புத்தகம்தான், நூறு பக்கத்துக்கு மேல். 1823இல் அதே ஸ்மார்ட்டிடம் தனி வகுப்பு. ஒரு பாடத்துக்கு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். டாட்டமிடம் பத்து வகுப்புக் கேட்கிற காசு ஒரே பாடத்துக்குப் போய்விடும். அப்போது அவர் அறியப்பட்ட விஞ்ஞானி. மின்சாரத்தைக் கொண்டு கம்பியைச் சுழல வைத்துக் காட்டி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நிலையிலும் உச்சரிப்புக்கு டியூஷன் வைத்துக்கொள்ள அவர் கூசவில்லை.

1827இல் நிலைமை திரும்புகிறது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே பேசுகிறார், ஸ்மார்ட் கீழே உட்கார்ந்து குறை குறிக்கிறார். எட்வர்ட் மக்ராத் என்று இன்னொரு பழைய நண்பர். முன்பு வாரம்தோறும் இலக்கணமும் எழுத்தும் திருத்திக் கொடுத்தவர், இப்போது வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சுகளில் முன்னால் அமர்ந்து உச்சரிப்புப் பிழைகளைக் குறித்துக் கொடுக்கிறார். வெள்ளி மாலைப் பேச்சுகளைத் தொடங்கி வைத்தவரே ஃபாரடேதான்.

பேச்சில் வேகம் கூடுவதுதான் அவருடைய தீராத குறை. அதற்கு ஒரு அட்டை. ‘மெதுவாக’ என்று எழுதி எதிரில் வைத்துக்கொள்வார். அட்டை கண்ணெதிரே இருந்தும் மறந்துபோய் ஓட ஆரம்பித்துவிடுவார். அப்போது உதவியாளர் ஆண்டர்சன் அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நகர்த்தி வைக்க வேண்டும், அப்படி உத்தரவு. ஆண்டர்சன் பீரங்கிப் படையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். உத்தரவென்றால் உத்தரவுதான். ஒரு மணி நேரம் முடியப்போகிறது என்றால் ‘நேரம்’ என்று எழுதிய இன்னொரு அட்டை வரும்.

ஃபாரடேவின் பேச்சைக் கேட்டவர்கள் பலரும் வியந்தது அதன் இயல்பை. எதிரே வந்து அமர்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்ததாம். அந்த ‘சும்மா’வுக்குப் பின்னால் எத்தனை அரை கினி, எத்தனை அட்டை என்பது கேட்டவர்கள் கணக்கில் வராது.

1855, டிசம்பர் 27

கிறிஸ்துமஸ் விடுமுறைப் பிள்ளைகளுக்கான தொடர் விரிவுரை. 1827 முதல் 1860 வரை 19 தடவை இதை ஃபாரடே நடத்தியிருக்கிறார். இன்று முன்வரிசையில் இளவரசர் ஆல்பர்ட், பக்கத்தில் அவருடைய மகன். அலெக்சாண்டர் பிளேக்லி என்ற ஓவியர் வரைந்த படத்தில் அந்த அரங்கை இன்றும் பார்க்கலாம்.

முதல் மேடை ஏறவிருந்த ஓர் இளம் விரிவுரையாளருக்கு அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கையிலிருக்கும் கல்லை விட்டால் கீழே விழும் என்று நான் சொல்ல நேர்ந்தால், கையைத் திறந்து கல்லை விழவும் விடுவேன் என்றாராம். கல் விழும் என்று யாருக்குத்தான் தெரியாது? அவையோருக்கு எதுவும் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளாதே, காதுக்குச் சொல்லும்போதே கண்ணுக்கும் காட்டு என்பது அவர் வாதம். கேட்க எளிதாக இருக்கிறது. போர்டில் சூத்திரத்தை எழுதிவிட்டு, “இது தெரிந்ததுதானே” என்று அடுத்த வரிக்குத் தாவும் பழக்கம் உள்ளவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

1860, டிசம்பர்

கடைசி கிறிஸ்துமஸ் தொடர். பொருள், மெழுகுவர்த்தி. இதையே 1848இலும் பேசியிருக்கிறார். அந்தக் குறிப்புகளை இரவல் வாங்கித்தான் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் 1850இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வத்தியை மறுபடி ஏற்றுகிறார்.

மேசை மேல் விதவிதமான வத்திகள். அதில் ஒன்று விரிசல் விட்டு, உடைந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. 1782இல் மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலிலிருந்து பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த கொழுப்பு வத்தி அது. உப்புத் தண்ணீரில் கிடந்ததை ஏற்றினால் எரிகிறது! பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்க இது போதும். அதற்கப்புறம்தான் பாடம். சுடரைச் சுற்றி மேலெழும் காற்று வத்தியின் ஓரத்தைக் குளிரவைப்பதால் ஓரம் உருகாமல் கிண்ணமாக நிற்கிறது. உருகிய மெழுகு அதில் தேங்கித் திரி வழியாக ஏறுகிறது, சூட்டில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான்.

இதை வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. எரியும் வத்தியை ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெண்புகை இழையாக எழுந்தது. திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, அந்தப் புகையில் ஒரு சுடரைக் காட்டினார். தீ புகை வழியே கீழே ஓடி வந்து வத்தியை மறுபடி ஏற்றியது. கரண்ட் போன ராத்திரியில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காற்றாடாத இடம் வேண்டும், எரியும் தீக்குச்சியைச் சட்டென்று கொண்டுபோக வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் வராது. சுடரின் நடுவே இருக்கும் கருமையான பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் செருகி, மறு முனையில் வெளிவந்த ஆவியைக் கொளுத்தியும் காட்டினார். ஒரு வத்திக்கு இரண்டு சுடர்.

இந்தப் பேச்சுகளை வில்லியம் க்ரூக்ஸ் 1861இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்னும் அச்சில் இருக்கிறது.

1862, ஜூன் 20

கடைசி வெள்ளி மாலைப் பேச்சு. வயது 70. ஞாபகம் பல ஆண்டுகளாகவே நழுவிக்கொண்டிருக்கிறது. சீமன்ஸின் வாயு உலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். நடுவில் கைக்குறிப்பில் எப்படியோ தீப்பட்டுவிட்டது.

அன்றைய பேச்சுக்காக அவர் எழுதியவற்றில் உலைக்குச் சம்பந்தமில்லாத சில வரிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தலைப்பு, சொந்த விளக்கம். இந்த இடத்தில் மகிழ்ச்சியாக வருஷங்கள் கழிந்தன, இப்போது விலகும் வேளை என்று தொடங்கி, ஞாபகம் போவதால் என்னென்ன ஆகும் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார். தான் உறுதியாகச் சொல்ல வேண்டியதிலேயே தயக்கம் வரும். மனத்தில் சேர்த்து வைத்திருந்தது வேண்டிய நேரத்தில் வராது. தனக்கென்று முன்பு வைத்திருந்த அளவுகோலே மங்கிப்போகும். மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயத்தைச் செய்ய முடியாமல் போகும்.

இந்த முறை தொந்தரவு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் உண்டு. 1813இல் தான் போட்ட விதிப்படியே, காரணத்தைச் சொல்லி விடைபெறத் தாளில் இடம் ஒதுக்கியிருந்தார்.