நான்கு கையளவு நிலம்

விரைந்தோடும் மோட்டார் காரைப் பற்றிப் பேசுவோர் அதன் எஞ்சினைப் பேசுவர். குதிரைத் திறனைக் கணக்கிடுவர். வண்ணத்தையும் வடிவத்தையும் வியப்பர். குனிந்து டயரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் எஞ்சின் எத்துணை ஆற்றலை ஈன்றாலும், பிரேக் எத்துணை இறுக்கிப் பிடித்தாலும், ஸ்டியரிங்கை எத்துணை நுட்பமாகத் திருப்பினாலும், அவை யாவும் சாலையைச் சென்று சேர்வது நான்கு ரப்பர் வளையங்களின் வழியாகத்தான். அவ்வளையங்களிலும் ஒரு நேரத்தில் தரையைத் தொட்டிருப்பது, சக்கரம் ஒன்றுக்கு விரித்த கையளவு பரப்பே. இலட்சக்கணக்கில் விலை பெறும் ஒரு காரின் மதிப்பும், அதனுள் அமர்ந்திருப்போரின் உயிரும், அந்த நான்கு கையளவு நிலத்தின் மீதுதான் நிற்கின்றன.

துபாயில் வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் நிறுவனமொன்றின் கிடங்கில் நெடுங்காலம் பணியாற்றினோம். டயர்களை அடுக்கியும் எண்ணியும் அனுப்பியும் கழிந்த நாட்கள் பல. எனவே, அவ்வூரிலேயே பொறியாளனாக இருக்கும் நம் மருமகன், கீழக்கரையிலுள்ள நம் தங்கையின் மகன், 2024 நவம்பரில் ஒரு பழைய போர்ஷே காரை வாங்கியபோது, டயர் மாற்றும் பொறுப்பு நம்மை நாடி வந்ததில் வியப்பில்லை.

அது 2008-ஆம் ஆண்டின் 911 கரேரா எஸ். முழு மூச்சில் விட்டால் மணிக்கு 290 கிலோமீட்டரைத் தொடக்கூடியது. முன்னைய உரிமையாளர் அதை அதிகம் ஓட்டாமல், துணி போர்த்தியே வைத்திருந்தார். டயரின் பட்டன்கள் ஆழம் குறையாமல் இருந்தன. "மாமா, டயர் புதிது போலவே இருக்கிறது. பதிவு முடிய இன்னும் சில வாரங்கள் உள்ளன. அதற்குள் ஒருமுறை ஜெபல் ஜைஸ் மலைக்குப் போய் வந்துவிடுகிறேனே" என்றான். ராஸ் அல் கைமாவில், வளைந்து வளைந்து மேலேறும் அந்த மலைச்சாலையின் மீது வேகப்பிரியர்களுக்குத் தீராத காதல்.

டயரின் பக்கவாட்டில் முத்திரையிட்டிருந்த நான்கு இலக்கங்களை அவனுக்குக் காட்டினோம். 2119. அதாவது 2019-ஆம் ஆண்டின் 21-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் டயர்களின் பிறந்த நாள் இம்முறையிலேயே பொறிக்கப்படுகிறது; முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அமீரகத்திலோ ஐந்தாண்டைக் கடந்த டயருக்கு இடமில்லை. "ஆறு மாதம்தானே தாண்டியிருக்கிறது?" என்று மருமகன் வழக்காடினான்.

சட்டம் ஏன் நாட்களை எண்ணுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அவ்வழக்கு நிற்காது. ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் சேர்ந்து அதை மெல்ல இறுகச் செய்கின்றன. இதைத் தடுக்கவென்றே டயரின் கலவையில் ஒருவகை மெழுகும் காப்புப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காவல் புரியும். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காவல் குறைவு. கோடையில் 45 பாகையைக் கடக்கும் ஊரில், மூடிய கொட்டகைக்குள் நின்ற டயர் இளமையாக இருப்பதாக எண்ணுவது கண்ணின் மயக்கம். விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தோம். பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன.

அவன் மனம் அசையவில்லை என்று கண்டு, அவனுக்கு நன்கு தெரிந்த ஒருவரின் முடிவை நினைவூட்டினோம். விரைவுக் கார்களைப் பற்றிய திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற நடிகர் பால் வாக்கர், 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சாந்தா கிளாரிட்டாவில் உயிரிழந்தார். அவர் நண்பர் ஓட்டிய கார், போர்ஷே கரேரா ஜிடி, இருவருமே மாண்டனர். 2014 மார்ச்சில் காவல் துறை தன் விசாரணை முடிவை அறிவித்தது. மணிக்கு 45 மைல் எல்லையுள்ள சாலையில் 80 முதல் 93 மைல் வரை ஓட்டிய வேகமே முதற்காரணம் என்றது. அத்துடன், காரிலிருந்த டயர்கள் ஒன்பதாண்டுப் பழையவை என்றும், காரின் கட்டுப்பாட்டை அவை பாதித்திருக்கலாம் என்றும் கூறியது. வேகம் செய்த பிழையை டயர் மன்னிக்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலம் டயரின் வயதோடு கழிந்துவிடுகிறது. மருமகன் அதன்பின் மலையைப் பற்றிப் பேசவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

மாற்றுவது என்று முடிவான பின், எதை மாற்றுவது என்ற கேள்வி எழுந்தது. ஆலோசனைக்குப் பஞ்சமா? மூன்று திசையிலிருந்து மூன்று குரல்கள் வந்தன.

முதற்குரல் சிக்கனத்தின் குரல். ஒரு கடைக்காரர், "பின்னிரண்டை மட்டும் மாற்றுங்கள். வேறு கம்பெனி டயர் பாதி விலைக்கு இருக்கிறது" என்றார். சாதாரணக் காருக்கே இது நல்ல அறிவுரையன்று, இக்காருக்கோ ஆபத்தானது. 911-இன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னே அமைந்தது. காரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மீது அமர்கிறது. ஆகவேதான் முன்டயர் 235 மில்லிமீட்டர் அகலமும் பின்டயர் 295 மில்லிமீட்டர் அகலமுமாக அமைத்தனர். முன்னதைப் பின்னதாக மாற்றிப் பூட்டவும் இயலாது. முன்னும் பின்னும் ஒன்றையொன்று அறிந்து இழுக்கும் இரட்டை மாடுகளைப் போல் இசைந்திருக்க வேண்டும். பழகாத இரண்டை ஒரே நுகத்தில் பூட்டினால், நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. திடீரென்று வளைக்கும் கணத்தில்தான் வேற்றுமை வெளிப்படும்.

இரண்டாவது குரல் நண்பர்களுடையது. "பந்தயத் தளத்துக்கென்று செய்த டயரையே போடு, பசை போல் ஒட்டும்" என்றனர். ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது நன்கு சூடேறிய பிறகே ஒட்டும், விரைவில் தேயும், அதன் பள்ளங்களும் குறைவு. நாம் பார்த்த இரு டயர்களில், சாலை டயரின் தேய்மான எண் 300, பந்தய டயரின் எண் 180. எண் உயர உயர உழைப்பு மிகுதி என்பது பொருள். இவ்வெண்ணைத் தயாரிப்பாளர்களே தம் டயருக்கு இட்டுக்கொள்வதால், ஒரே கம்பெனியின் டயர்களை ஒப்பிடத்தான் அது பயன்படும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

"பாலைவனத்தில் மழையேது? பள்ளம் எதற்கு?" என்று நண்பர்களில் ஒருவர் நகைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையை அதற்குள் மறந்தாரோ! 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமீரகம் கண்டிராத மழை அது. அல் ஐன் பகுதியில் ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. துபாய்ச் சாலைகளில் கார்கள் படகுகளாயின. அத்தகைய வெள்ளம் அரிது என்றே கொள்வோம். மாதக்கணக்கில் புழுதியும் எண்ணெயும் படிந்த சாலையில் விழும் சிறு தூறல், பெருமழையைவிட வழுக்கும். அகன்ற டயர் தண்ணீரை வெட்டிச் செல்வதை விட்டு அதன் மேல் மிதந்து செல்லவே முற்படும். பள்ளங்கள்தாம் தண்ணீரை வெளியேற்றி ரப்பரைத் தரையோடு சேர்க்கின்றன. ஆண்டுக்குப் பத்து நாளே மழை பெய்யினும், டயரை நாம் வாங்குவது அந்தப் பத்து நாளுக்குமாகத்தான். இக்கார் பிறந்த ஜெர்மனியில், குளிர்காலத்துக்கென்று வேறு டயர் பூட்டுவர். ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப டயர் வேண்டும். நண்பர்களின் கைத்தட்டலுக்கு ஏற்பவன்று.

மூன்றாவது குரல் காரைச் செய்தவர்களுடையது. போர்ஷே நிறுவனம் டயர்த் தயாரிப்பாளர்களுடன் கூடிச் சோதித்து, தன் கார்களுக்குப் பொருந்துவன என்று ஏற்ற டயர்களின் பக்கவாட்டில் 'என்' என்ற எழுத்தும், அதையடுத்து 0, 1, 2 என ஓர் எண்ணும் இருக்கும். 0 என்பது முதலில் ஏற்கப்பட்ட வடிவம். எண் கூடினால் அது பின்னர் வந்த திருத்தம். ஒரே பெயரும் ஒரே அளவும் கொண்ட இரு டயர்களில் ஒன்றுக்கு இம்முத்திரை இருந்து மற்றொன்றுக்கு இல்லையாயின், அவற்றின் உட்கலவையும் கட்டமைப்பும் வேறுபடலாம். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே முத்திரையாக இருக்க வேண்டுமென்பது அந்நிறுவனத்தின் அறிவுரை.

ஆனால் இம்முத்திரையையே மந்திரமாகக் கொள்ளலும் தகாது. பழைய கார்களுக்கான முத்திரை டயர்கள் குறைவாகவே விற்பதால், கிடங்கில் நெடுநாள் தூங்கக்கூடும். கிடங்கில் இருந்தவர் என்ற முறையில் நாம் இதை நன்கறிவோம். முத்திரை இருந்து வயது மிகுந்த டயரைவிட, முத்திரையின்றிப் புதிதாய் வந்த தரமான டயர் மேலாகலாம். எனவே முத்திரை, வயது இரண்டையும் சேர்த்தே பார்த்தோம். சில வாரங்கள் காத்திருந்து, மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட்ட, முத்திரையிட்ட நான்கு டயர்களைப் பெற்றோம்.

அவற்றின் வேகக் குறியீடு 'ஒய்'. மணிக்கு 300 கிலோமீட்டர் தாங்கும். 'டபிள்யூ' என்றால் 270. 'வி' என்றால் 240. பின்டயரின் பாரக் குறியீடு 100. ஒவ்வொன்றும் 800 கிலோ சுமக்கும் என்பது அதன் பொருள். "நான் ஓட்டப்போவது 120-இல்தானே, 300 தாங்கும் டயர் எனக்கெதற்கு?" என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்வியே. வேகக் குறியீடு என்பது உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் குறியீடு. வேகம் கூடினால் டயர் விரைந்து நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடு எல்லை கடந்தால் அடுக்குகள் பிரியும். பாலைவனத்துத் தார்ச்சாலை கோடையில் தானே கொதிக்கிறது. எல்லைக்கும் நம் தேவைக்கும் இடையே உள்ள அந்த வெளிதான், எதிர்பாராத கணத்தில் நம்மைக் காக்கும் மிச்சம்.

பழைய பின்டயர்களைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரியவந்தது. வெளியே நின்று பார்க்கையில் ஆழமாயிருந்த பட்டன்கள், உள்விளிம்பில் ஏறக்குறைய மொட்டையாகியிருந்தன. இவ்வகைக் கார்களில் வளைவில் பிடிப்புக்காகப் பின்சக்கரங்களின் மேற்பகுதி சற்றே உட்சாய்ந்திருக்கும். அதனால் உள்விளிம்பு முந்தித் தேயும். எதிர்ப்படுவோருக்குக் காட்டும் முகம் ஒன்று, தரை அறிந்த முகம் ஒன்று! வீல் அலைன்மெண்ட்டைச் சரிபார்த்த பின்னரே புதியவற்றைப் பூட்டச் செய்தோம். முதற் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு என்றோம். அச்சிலிருந்து வெளிவந்த புது டயரின் மேற்பூச்சு அகலும்வரை அது முழுப்பிடிப்பைக் கொடாது. காற்றழுத்தத்தை வண்டி ஓடுமுன், விடியற்காலைக் குளிர்ச்சியில் பார் என்றோம். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு பவுண்டு உயரும். சுட்ட டயரில் பார்த்த கணக்கு பொய்க்கணக்கு.

உறுமும் புதிய சைலன்சருக்கென்று மருமகன் சேர்த்துவைத்திருந்த பணம் டயருக்குப் போயிற்று. சில நாள் முகம் வாடியிருந்தான். அவ்வாரம் தங்கை தொலைபேசியில் அழைத்து, "காக்கா, பிள்ளை புதுக்காரில் பறக்கிறானாமே?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள். அவன் பறக்கமாட்டான் என்று உறுதி கூற நம்மால் இயலவில்லை. இருபத்தேழு வயதுக்காரனின் காலுக்கு நாம் எப்படிப் பிணை நிற்பது? அவன் எதன் மீது ஓடுகிறான் என்பதற்கு மட்டும் பொறுப்பேற்றுள்ளோம் என்றோம். அது அவளுக்கு முழு ஆறுதலாய் இருந்ததா என்பது ஐயமே. ஆயினும் ஒரு தாய்க்குப் பொய்யான முழு ஆறுதலைவிட மெய்யான பாதி ஆறுதல் நல்லது.

இதைப் படிப்போரில் போர்ஷே உடையவர் ஓரிருவரும் இருக்கமாட்டார். ஆனால் நிக்காஹுக்கும் பெருநாளுக்கும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அடைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வேன் பலரிடம் உண்டு. வளைகுடாவில் உழைக்கும் மகன் வாங்கிக் கொடுத்து, அவன் விடுமுறைக்கு வரும்வரை நிழலில் நிற்கும் கார் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவற்றுக்கும் நான்கே கையளவு நிலம்தான். அதிகம் ஓடாத டயர் என்பதால் அது புதிய டயர் ஆகிவிடாது. பின்னிருக்கையில் அமர்வோர் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களை ஏற்றுமுன் ஒருமுறை குனிந்து, அந்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள். கையை உள்ளே நீட்டி உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அரை நிமிட வேலை அது.