ஹாமில்டன்: ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காத ஊர்

நியூயார்க் மாநிலத்தின் நடுவே, யூட்டிக்கா நகரிலிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் ஹாமில்டன் வரும். மாடு மேயும் குன்றுகள், சோளக்கொல்லைகள், ஊர் நடுவில் மரம் அடர்ந்த ஒரு பொதுத்திடல், அதை ஒட்டிக் கடைத்தெரு. இன்றும் நான்காயிரம் பேரைச் சுற்றித்தான் மக்கள்தொகை. அதிலும் பெரும்பகுதி மாணவர்கள். 1790களில் பெய்ன் குடும்பத்தார் காடு திருத்திக் குடியேறிய இடம் இது. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் பெயர் பின்னால் வந்து சேர்ந்தது.

1830களில் யூட்டிக்காவையும் பிங்ஹாம்டனையும் இணைத்து வெட்டிய செனாங்கோ கால்வாய் இந்த ஊர் வழியாகத்தான் ஓடியது. ரயில் வந்த பிறகு வருமானம் வற்றி, 1878இல் அதை மூடிவிட்டார்கள். பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸ் கொடிதான் அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தின் பணப்பயிர். பூஞ்சை நோயும் மேற்குக் கடற்கரைத் தோட்டங்களின் போட்டியும் அதைச் சாய்த்தன. 1920இல் வந்த மதுவிலக்கு மிச்சத்தையும் முடித்தது. அதன் பிறகு விவசாயிக்குக் கைகொடுத்தது பால்மாடு ஒன்றுதான்.

ஊருக்கு இன்னொரு ஆதாரம் குன்றின் மேல் இருக்கும் கல்லூரி. 1817இல் 13 பேர் 13 டாலரும் 13 பிரார்த்தனைகளுமாகத் தொடங்கினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர்களை உருவாக்குவதே அவர்களின் நோக்கம். சோப்பு வியாபாரி வில்லியம் கோல்கேட்டின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த கொடைக்கு நன்றியாக, 1890இல் அது கோல்கேட் பல்கலைக்கழகம் ஆனது. நம் வீட்டுப் பற்பசையில் இருக்கும் அதே பெயர்தான். ஊரெல்லாம் அஞ்சும் 13ஆம் எண் இங்கே ராசியான எண்.

இந்த ஊரை நான் எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம் 1932ஆம் ஆண்டு. நாட்டில் உழைப்பவர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை நெருங்கிக்கொண்டிருந்தது. பால் விலை விழுந்துகொண்டே போனது. அடுத்த ஆண்டே இந்த மாநிலத்து விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்து பாலைச் சாலையில் கொட்டினார்கள். அப்படிப்பட்ட இலையுதிர் காலத்தில், ஆண்கள் மட்டுமே படித்த இந்தச் சிறிய கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. ஒன்பதிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 264. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தின் எடை தெரிய ஆட்டத்தைக் கொஞ்சம் அறிய வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 புள்ளி. ஒரு கை நழுவல், ஒரு தப்பான துள்ளல் போதும், எதிரணி கணக்கைத் தொடங்கிவிடும். இன்றுபோல் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு வேறு கூட்டம் என்ற ஏற்பாடு அன்று கிடையாது. அதே பதினொரு பேர்தான் பந்தைக் கொண்டு ஓட வேண்டும், அடுத்த நிமிடமே திரும்பி நின்று தடுக்கவும் வேண்டும். களத்தை விட்டு வெளியே வந்தவர் ஆட்டத்தின் அந்தக் கால்பகுதி முடியும்வரை திரும்ப நுழைய முடியாது. அவ்வளவு களைப்போடும் ஒன்பது ஆட்டங்களில் ஒருமுறைகூடக் கோட்டை விடவில்லை என்பதுதான் என்னை அசைக்கிறது. 264ஐவிட அந்தப் பூஜ்யத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பயிற்சியாளர் ஆண்டி கெர். மேற்கே வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரில் பிறந்தவர், பாப் வார்னர் என்ற பெரும் ஆசானிடம் தொழில் கற்றவர், 1929இல் ஹாமில்டனுக்கு வந்தவர். பந்து வைத்திருப்பவன் பிடிபடப்போகும் நொடியில் அதைப் பக்கவாட்டில் தோழனுக்குத் தட்டிவிடுவது, சுழன்று திரும்பி யாரிடம் பந்து இருக்கிறது என்றே தெரியாமல் செய்வது: இவைதான் அவர் முத்திரை. உடல் பலத்தில் பெரிய கல்லூரிகளோடு மோத முடியாத அணிக்கு ஏற்ற வித்தை.

முதல் ஆட்டத்தில் செயின்ட் லாரன்ஸை 41-0 என்று வென்றார்கள். தொடக்க எதிரிகள் எளியவர்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் 14-0, பென் ஸ்டேட்டுடன் 31-0, பக்கத்து நகரப் பங்காளியான சிரக்யூஸுடன் 16-0 என்று வந்த முடிவுகளை யாரும் எளிதென்று தள்ளிவிட முடியாது. கடைசி ஆட்டம் நன்றியறிதல் நாளில், பிராவிடன்ஸ் நகரில். எதிரே பிரவுன் பல்கலைக்கழகம். அதுவும் அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத அணி. 21-0.

அடுத்தது கலிஃபோர்னியாவின் பசடீனாவில் நடக்கும் ரோஸ் பௌல். அந்தக் காலத்தில் பருவத்தின் உச்சம் என்றால் அந்த ஆட்டம்தான். அழைப்பு ஹாமில்டனுக்கு வரவில்லை; பிட்ஸ்பர்க்குக்குப் போனது. பிட்ஸ்பர்க்கும் தோற்காத அணிதான், ஆனால் இரண்டு ஆட்டங்களைச் சமனில் விட்டிருந்தது. அதன் பயிற்சியாளர் ஜாக் சதர்லாண்டும் வார்னரின் சீடரே. ஒரே ஆசானின் இரு மாணவர்களில் ஒருவருக்கு வாசல் திறந்தது. தோல்வி இல்லை, சமன் இல்லை, விட்டுக்கொடுத்த புள்ளி இல்லை, அழைப்பும் இல்லை என்று கெர் சொன்னதாக வழங்கும் பேச்சு இன்றும் அந்த அணியின் பட்டப்பெயராக நிற்கிறது. 1933 ஜனவரி 2 அன்று நடந்த அந்த ரோஸ் பௌலில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் பிட்ஸ்பர்க் 35-0 என்று தோற்றது.

கோல்கேட் போயிருந்தால் வென்றிருக்குமா? என் கணிப்பில் கடினம். அந்தத் தெற்குக் கலிஃபோர்னிய அணி அவ்வளவு வலியது. 1938இல் டியூக், 1939இல் டென்னசி, இரண்டும் இதேபோல் பருவம் முழுக்கப் புள்ளி விடாமல் ரோஸ் பௌலுக்குப் போயின. இரண்டையும் வீழ்த்தியது அதே தெற்குக் கலிஃபோர்னியாதான். ஆனாலும் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. களத்தில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அந்தப் பையன்கள் செய்து முடித்திருந்தார்கள். அதற்கு மேல் எதைக் காட்டி அழைப்புக் கேட்பது? பின்னர் பார்க் டேவிஸ் என்ற ஆய்வாளர், அந்த ஆண்டின் தேசிய சாம்பியன்களாக மிச்சிகன், தெற்குக் கலிஃபோர்னியா ஆகியவற்றுடன் கோல்கேட்டையும் சேர்த்தார். அது நியாயமான தீர்ப்பு.

கெர் 1946 வரை இங்கேயே பயிற்சி கொடுத்தார். 1937இல் திறந்த விளையாட்டரங்கம் 1966 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. பெண்கள் 1970இல் கல்லூரிக்குள் வந்தார்கள். அணி இன்று பெரிய கல்லூரிகளின் வரிசையில் இல்லை, அடுத்த அடுக்கில் ஆடுகிறது. 2003இல் அந்த அடுக்கில் தொடர்ந்து 15 ஆட்டங்கள் வென்று இறுதிப்போட்டிவரை போனது. அங்கே டெலவேரிடம் 40-0 என்று தோற்றது. ஹாமில்டனைப் பார்க்க அக்டோபரே சரியான மாதம். மேப்பிள் மரங்கள் சிவந்திருக்கும், சனிக்கிழமைகளில் கெர் அரங்கத்தில் ஆட்டம் இருக்கும்.