அகிஹபராவில் அப்பாவின் பாட்டில்!

"அப்பா, டோக்கியோவிலேர்ந்து கேமரா வேண்டாம், வாட்ச் வேண்டாம். ரெண்டே ரெண்டு டிரான்சிஸ்டர் போதும்!"

என் சீமந்த புத்திரன் இப்படிச் சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பையனுக்கு ரேடியோ கேட்கும் பழக்கம் வந்துவிட்டதே! அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவன் கேட்டது ரேடியோ அல்ல. அதன் வயிற்றுக்குள் இருக்கும் மூன்று கால் சமாசாரம். அதுவும் அறுபதுகளில் செய்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் வேண்டுமாம். கிடாருக்கு 'ஃபஸ் பெடல்' செய்யப் போகிறானாம்.

ஃபஸ் என்றால் வேறொன்றுமில்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் கிழிந்துபோனால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதேதான்! 1961-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பாட்டில், ரிக்கார்டிங் மிக்ஸர் பழுதானதால் கிடார் இப்படிக் கரகரத்தது. பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே, பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது! 1966-ல் லண்டனில் பிறந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடலை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்ததில் உலகப் புகழ். அதற்குள் இருந்தவை இரண்டே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்.

பையன் முன்பே ஒருமுறை தபாலில் பத்து டிரான்சிஸ்டர் வரவழைத்துச் சூடுபட்டவன். மீட்டரில் வைத்துப் பார்த்தால், ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட் காட்ட வேண்டும். ஏழு டிரான்சிஸ்டர்கள் 0.6-க்கு மேல் காட்டின. அத்தனையும் சிலிக்கான்! மிச்சம் மூன்றும் ஜெர்மானியம்தான். ஆனால், மே மாத வெயிலில் பெடல் ஊமையாகிவிட்டது. ஒருநாள் தோசை மாவுக்குப் பக்கத்தில் அதை ஃபிரிட்ஜில் பார்த்துவிட்டு என் மனைவி அலறியது தனிக் கதை.

ஆக, 2023 நவம்பரில் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போனபோது, ஒரு சனிக்கிழமை அகிஹபரா ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே வந்தால் கார்ட்டூன் பொம்மைகளும், ஃபிரில் வைத்த கவுன் போட்டுக்கொண்டு காபிக் கடைக்கு ஆள் பிடிக்கும் பெண்களும்தான் கண்ணில் பட்டார்கள். 'வயசான காலத்தில் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ?' என்று நழுவப் பார்த்தேன்.

தப்பான இடமில்லை. ஸ்டேஷனை ஒட்டி, ரயில் பாலத்துக்கு அடியிலேயே இருக்கிறது 'ரேடியோ சென்டர்'. யுத்தம் முடிந்த கையோடு இந்த வட்டாரத் தெருவோரத்தில் ரேடியோ சாமான் விற்றவர்கள் ஏராளம். 1949-ல் தெருக் கடைகளைக் காலி பண்ணச் சொல்லி அமெரிக்க ராணுவ நிர்வாகம் உத்தரவு போட, பாலத்துக்கு அடியில் குடியேறினார்கள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய சந்து. நம்மூர் வெற்றிலை பாக்குக் கடை அளவுக்குக் கடைகள். தலைக்கு மேல் ரயில் தடதடக்கிறது.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் பையன் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "ஃபாஸு?" என்றார்.

"ஆமாங்க, அதேதான்!" என்றேன் தமிழில். புரிந்துகொண்டு சிரித்தார்.

டிராயரிலிருந்து தோஷிபாவின் 2எஸ்பி56 பத்தை எடுத்து வைத்தார். விலை ஒன்று 400 யென். நம் காசுக்கு 200 ரூபாய்க்கு மேல்! நான் பர்ஸைத் திறக்க, 'பொறு' என்று கை காட்டினார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பலகை வந்தது. அதில் 9 வோல்ட் பேட்டரி, ஒரு சுவிட்ச், இரண்டு ரெசிஸ்டர், ஒரு மீட்டர். மற்றதையெல்லாம் அவருடைய செல்போன் மொழிபெயர்த்தது.

ஜெர்மானியத்தின் சுபாவமே கசிவுதானாம். சுவிட்சைப் போடும் முன்பே கொஞ்சம் கரண்ட் ஒழுகும். முதல் டிரான்சிஸ்டர் அப்படி 25 காட்டியது. சுவிட்சைப் போட்டதும் 105. "ஆஹா, 105!" என்றேன். பெரியவர் தலையாட்டி மறுத்து, காகிதத்தில் 80 என்று எழுதினார். ஒழுகியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிஜமான பெருக்கம்!

அடுத்ததை விரல் நுனியில் ஒரு நிமிஷம் பிடித்தார். மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது. விரல் சூடே போதும்! பத்து டிகிரி சூடு ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகுமாம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மர்மம் அங்கே விளங்கியது.

பத்துமே ஒரே கம்பெனி, ஒரே நம்பர். ஆனால், பத்தும் பத்து விதம். ஃபஸ்ஸுக்கு முதலாவது 70, 80-லும் இரண்டாவது 120-க்குப் பக்கத்திலும் இருந்தால் சுகமாம். அரைமணி நேரத்தில் இரண்டு ஜோடி தேறியது. ஒவ்வொன்றின் காலிலும் எண் எழுதிய துண்டுக் காகிதத்தைச் செருகி, ஜோடி ஜோடியாக நூலால் கட்டினார்.

அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

என் அப்பா ரேடியோ மெக்கானிக். கழற்றிய டிரான்சிஸ்டர்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். எல்லாம் பெங்களூர் பி.இ.எல். கம்பெனியின் ஏ.சி.128. ஜோடி ஜோடியாக நூல் கட்டி, 75, 118 என்று துண்டுச் சீட்டு இருக்கும். ஏதோ பைசா கணக்கு என்று நினைத்திருந்தேன். ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு டிரான்சிஸ்டரும் சமமாக இருந்தால்தான் சத்தம் சுத்தமாக வரும். அதற்காக ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்திருக்கிறார் மனுஷர்! கரகரப்பு வரக்கூடாது என்று தாத்தா அளந்தார். கரகரப்பு வேண்டும் என்று பேரன் தேடுகிறான்.

அப்பா போனபின், 2004-ல், மொத்தத்தையும் பழைய பேப்பர்காரரிடம் 40 ரூபாய்க்குப் போட்டேன். பேரம் பேசி 35-லிருந்து ஏற்றினேன் என்று பெருமை வேறு!

ஊர் திரும்பியதும் பையன் ஒரு ஜோடியை வைத்துப் பெடலை முடித்தான். காலால் அழுத்தி ஒரே ஒரு தந்தியை மீட்டினான். வீடே கரகரத்தது. தேன் ஒழுகுகிற கரகரப்பு! நான் பாட்டில் கதையைச் சொன்னேன்.

"ஃபஸ் ஃபேஸுக்கு ஏ.சி.128-ம் போடுவாங்கப்பா. தாத்தா கிட்ட எத்தனை இருந்தது?"

"பாட்டில் நிறைய."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மனைவி அடுக்களைக்குள் போய், புளி போட்டு வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாட்டிலை நான் போடலீங்க. நல்ல கண்ணாடியாச்சேன்னு எடுத்து வச்சுட்டேன்."

மிச்சமிருந்த ஜோடியை நூலோடு அதில் போட்டேன். 'டங்' என்றது.