விலைக்கு ஒரு கிழட்டு ஜாகுவார்!

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கவென்ட்ரி. 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நொறுக்கிய ஊர். கூரை போன பழைய தேவாலயத்தை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புதுசு கட்டி 1962-ல் திறந்தார்கள். டூரிஸ்ட்டுகள் அங்கே போகிறார்கள். நான் போனது, அதே 1962-ல் பிறந்த ஒரு காரைப் பார்க்க.

ஜாகுவார் மார்க் 2. 3.8 லிட்டர், 220 குதிரை சக்தி, மணிக்கு 200 கிலோமீட்டர். அறுபதுகளில் பாங்க் கொள்ளையர்கள் இதில்தான் தப்பினார்கள். போலீஸும் இதில்தான் துரத்தியது. யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு வியாபாரம்!

உள்ளே இருக்கும் எக்ஸ்கே இன்ஜின் கதை இன்னும் ஜோர். யுத்த காலத்தில் குண்டு விழுந்தால் தீயணைக்க ஃபாக்டரியில் ராத்திரி காவல் இருந்த முதலாளி வில்லியம் லயன்ஸும் இன்ஜினீயர்களும், அரட்டை அடித்த நேரத்தில் போட்ட திட்டம் அது. 1992 வரை தயாரித்தார்கள். நைட் டூட்டியில் சீட்டாடும் நண்பர்கள் கவனிக்க.

கம்பெனியை 2008-ல் ஃபோர்டிடமிருந்து நம்ம ஊர் டாடா வாங்கியது. இந்தக் கார் பிறந்த பிரௌன்ஸ் லேன் ஃபாக்டரி இப்போது இல்லை. அங்கே வீடுகளும் கிடங்குகளும்தான்.

விற்கிறவர் அந்த ஃபாக்டரியிலேயே வேலை பார்த்து ரிடையரானவர். வீட்டு ஷெட்டில் ஏழு வருஷம் உட்கார்ந்து காரை மீட்டிருக்கிறார். "வாங்க வரலை, பார்க்கத்தான்" என்றதும் முகம் இன்னும் மலர்ந்தது. துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்தார்.

"வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல தகடு இல்லை, வெறும் பட்டி."

எல்லா இடத்திலும் ஒட்டியது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்புதான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைத் துரு தின்றிருந்தால் மேலே அடித்த பெயின்ட், குரோமியம் எல்லாம் வெறும் மேக்கப். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் மண்டியிட்டுக் கீழே பார்க்க வேண்டும். அப்புறம்தான் பானெட்.

டாஷ்போர்டு முழுக்க வால்நட் மரம். முன் சீட்டுக்குப் பின்னால் மடக்கு மேஜை வேறு. இட்லி, சட்னி வைத்துச் சாப்பிடலாம். பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய காருக்கு ரோடு டாக்ஸ் கிடையாது. (மனுஷனுக்குத்தான் சலுகை இல்லை.)

"இவ்வளவு பாடுபட்டுட்டு ஏன் விற்கறீங்க?"

முழங்காலைத் தட்டிக் காட்டினார். கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆனால் செக்கோடு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "மழையில ஓட்டுவீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர், ஏ.சி. கோடவுன்ல வெச்சு பத்து வருஷம் கழிச்சு விற்பேன்னார். அதுக்கா நான் இதை ஓட வெச்சேன்?"

கிழவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பணம் தேவைப்படுகிறவர் அவர். ஷெட்டின் கூரையே ஒழுகுகிறது.

பக்கத்து வீட்டுப் பையன் ஓட்ட, பெரியவர் முன்னால், நான் பின்னால். ஸ்டேஷன் போகும்போது தூறல் பிடித்தது. பெரியவர் கையை நீட்டி வைப்பரைப் போட்டார்.