பங்கருக்குள் படித்தவர்களின் பிள்ளைகள்

விடியப்புறம் கதவை உடைத்துக்கொண்டு ஆயுதத்தோடு ஆட்கள் வீட்டுக்குள் இறங்குகிறார்கள். தகப்பன் என்ன ஏதென்று விளங்காமல் கத்துகிறார். தாய் விறைத்துப்போய் நிற்கிறார். மேலறைக் கட்டிலில் கிடந்த 13 வயதுப் பொடியன் பயத்தில் உடுத்த உடுப்போடேயே மூத்திரம் பெய்துவிடுகிறான். ‘அடொலசன்ஸ்’ என்ற நான்கு பகுதி ஆங்கில நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதி, பிலிப் பரன்ரினி இயக்கி, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பொடியனாக நடித்த ஓவன் கூப்பருக்கு 15 வயதிலேயே எமி விருது கிடைத்தது.

நாற்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு இந்தக் காட்சியில் நெஞ்சு இடிப்பது வேறு காரணத்தால். சுற்றிவளைப்புகளைக் கண்ட ஊர் இது. இரவில் நாய் குரைத்தால் படலையைப் பார்க்க முதல் பிள்ளை படுத்திருக்கிற பாயைப் பார்த்த வீடுகள் இங்கே இருந்தன. கொண்டுபோன பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டு இன்றைக்கும் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். அதனால் கதவு உடையும் சத்தத்திலேயே எங்கள் மனம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பொடியன் அப்பாவி, வந்தவர்கள்தான் அநியாயக்காரர். ஜேமி என்ற அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்து, தான் ஒன்றும் செய்யவில்லை என்று அழும்போது நாங்களும் தகப்பனோடு சேர்ந்து நம்புகிறோம்.

முதற்பகுதி முடியும்போது பொலிஸார் ஒரு சி.சி.ரி.வி. பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். வாகனத் தரிப்பிடம் ஒன்றில் கூடப் படிக்கும் கேற்றி என்ற பிள்ளையை ஜேமி கத்தியால் குத்துகிறான். கதவை உடைத்து வந்தவர்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இந்த நாடகம் எங்கள் ஊருக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. பிள்ளைகளுக்குக் கேடு என்றால் அது வெளியிலிருந்து, சீருடை போட்டு, கதவை உடைத்துக்கொண்டு வரும் என்றே எங்கள் தலைமுறைக்குத் தெரியும். பிள்ளைக்குள்ளேயே, அவனுடைய வகுப்புக்குள்ளேயே, சத்தமில்லாமல் ஒன்று வளரக்கூடும் என்று பார்க்கப் பழகவில்லை.

ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டிருக்கிறது. கமெரா ஆட்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கிறது. பார்க்கிறவருக்கு எழும்பி வெளியே போக இடைவெளி கிடைக்காது. ஏன் செய்தான் என்ற கேள்விக்கு நாடகம் ஒற்றை மறுமொழி தருவதுமில்லை. மெல்ல மெல்ல ஒரு சங்கிலி தெரிகிறது. கேற்றியின் அந்தரங்கப் படமொன்றை வகுப்புப் பொடியள் போனுக்குப் போன் அனுப்பி அவளைக் கேவலப்படுத்துகிறார்கள். அவள் உடைந்து போயிருப்பாள், இப்போது கேட்டால் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டு ஜேமி அவளிடம் போகிறான். அவள் மறுக்கிறாள். பிறகு இன்ஸ்ரகிராமில் அவனுடைய படங்களுக்குக் கீழே எல்லாரும் பார்க்க அவனை நக்கலடித்து எமோஜிக் குறிகள் போடுகிறாள். அந்தக் குறிகள் பெரியவர்களுக்கு வெறும் பூவும் பொட்டும். விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி, பிள்ளைகள் இருவரும் நட்பாகப் பேசியிருக்கிறார்கள் என்றே எண்ணுகிறார். அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய மகன் அவரைத் தனியே கூட்டிப்போய், அப்பா, இந்த நிறத்துக்கு இது அர்த்தம், இந்தப் படத்துக்கு இது அர்த்தம் என்று விளக்குகிறான். தகப்பன் அவமானப்பட்டுவிடுவாரே என்ற கவலை அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிகிறது. நான்கு பகுதிகளிலும் என்னை அதிகம் வருத்தியது இந்தச் சின்ன உரையாடல்தான். மகன் வந்து சொல்லியிராவிட்டால் அவர் அறிந்தேயிருக்கமாட்டார்.

இங்கே எத்தனை பிள்ளைகள் அப்படி வந்து சொல்வார்கள்?

நான் படிப்பித்த காலத்தில், ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பள்ளிக்கூடம் வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். பேசும்போது அவனுக்குச் சொல் திக்கும். அதைவைத்துப் பட்டம் தெளித்தார்கள். பிறகு சைக்கிளுக்குக் காற்றுப் பிடுங்கினார்கள். பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்குள் மண் போட்டார்கள். ரியூசனுக்குப் போகிற ஒழுங்கையில் மறித்துவைத்து, ‘கதை, கதை’ என்று கதைக்கச் சொல்லி அதைப் போனில் வீடியோ எடுத்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் அதைப் பார்த்திருந்தார்கள். தாய் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ரீச்சர், நாங்கள் செல்லடிக்கேக்கை பங்கருக்குள்ளை இருந்து படிச்சனாங்கள். கரன்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு. தின்ன ஒண்டும் இல்லாமலும் பள்ளிக்கூடம் போனனாங்கள். இவனுக்கு ஆரோ நாலு பொடியள் பகிடி விட்டாப்போலை பள்ளிக்கூடம் போகேலாதாம்!”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நடந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பிள்ளை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விளக்கெரித்த வீட்டில் படித்துத்தான் சாதாரண தரம் எடுத்தவர். அந்தப் பாட்டையெல்லாம் கடந்து வந்தவருக்கு மகனுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் கிடந்த மண் கண்ணுக்குத் தெரியவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன் நோவை வைத்து நிறுக்கத் தாயிடம் தராசு இல்லை என்று அவனுக்கு அப்போதே விளங்கியிருந்தது.

இந்த ஒப்பீட்டை நான் இங்கே எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். கொடுமனத்தோடு எவரும் சொல்வதில்லை. பிள்ளையைத் தேற்றுவதாகவே நினைத்துச் சொல்கிறார்கள். பிள்ளைக்கோ, யுத்தம் இல்லாத காலத்தில் பிறந்த உனக்கு நோவதற்கு உரிமை இல்லை என்றுதான் கேட்கிறது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது பதின்பருவத்தில் இருக்கிறார்கள். வீட்டின் பெரிய துயரத்துக்கு முன்னால் தங்கள் துயரத்தை வெளியே எடுக்கவே கூசுகிறார்கள். உலகம் முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், கடந்த ஒரு மாதத்துக்குள் கூடப் படிப்பவர்களால் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்கிறார் என்று யுனெஸ்கோ 2019இல் அறிக்கை வெளியிட்டது. கேட்டவர்களுக்குச் சொன்ன பிள்ளைகளின் கணக்கு அது. எங்கள் வீடுகளில் கேட்பவர்களே குறைவு.

சகமாணவர் செய்யும் கொடுமை செல்லடிக்கு முன்னால் சின்ன விஷயமா? 1997ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். யுத்தம் உச்சத்தில் நின்ற ஆண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படித்த வரப்பிரகாஷ் என்ற 21 வயதுத் தமிழ் மாணவன், மூத்த மாணவர்களின் கடுமையான பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ விதமாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், படிக்கப்போன இடத்தில் படிக்க வந்தவர்களின் கையால் ஒரு பிள்ளை செத்தான். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் பகிடிவதைக்கு எதிரான 20ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரையும், பாரதூரமான காயமோ பாலியல் தொல்லையோ விளைந்தால் பத்து ஆண்டு வரையும் சிறை. சட்டம் வந்து இருபது ஆண்டு கழிந்த பிறகும், 2020இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சித் தொழில்நுட்ப பீடத்துப் புதுமுக மாணவிகளுக்கு மூத்த மாணவர்கள் போனில் கொடுத்த தொல்லை நாடு முழுவதும் செய்தியானது. பல்கலைக்கழகத்தில் இப்படி நடந்துகொள்கிறவன் அங்கே போய் இறங்கிய அன்றைக்கு இதைப் பழகியவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒழுங்கையில் மறித்து நின்று, எவரும் ஏனென்று கேட்காததால் தைரியம் பெற்று வந்தவன்.

யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களின் பொடியளைப் பற்றியும், இதை எங்கே பழகினார்கள் என்று நான் கேட்பதுண்டு. ஆவா என்ற குழுவின் பெயரும் மற்றக் குழுக்களின் பெயர்களும் பத்திரிகையில் வரத்தொடங்கி ஒரு தசாப்தத்துக்கு மேலாகிறது. கொக்குவில், இணுவில், மானிப்பாய்ப் பக்கத்து வீடுகளில் இருட்டினால் படலையைப் பூட்டிவிட்டு இருந்த காலம் உண்டு. வாளால் பிறந்தநாள் கேக் வெட்டிப் படம் போட்டதற்காகப் பொடியள் கைதான செய்தியையும் வாசித்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால் வெளிநாட்டுக் காசு, இந்தியச் சினிமா, போதை, பின்னாலிருந்து ஆட்டுவிக்கிற கை என்று மறுமொழிகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ உண்மை இருக்கிறது; நான் எதையும் தள்ளிவிடவில்லை. ஆனால் எல்லாமே வெளியிலிருந்து வருகிற காரணங்கள். கதவை உடைத்து வருகிற கேட்டை மட்டுமே அறிந்த கண் இங்கேயும் அப்படித்தான் பார்க்கிறது. அந்தப் பொடியன் வாளைத் தூக்க முதல் எந்த வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தான், அங்கே அவனுக்கு என்ன நடந்தது, அவன் யாருக்கு என்ன செய்தான், பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் ஏன் வாய் திறக்கவில்லை என்று எந்த விசாரணையும் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

முன்பு எங்கள் பள்ளிக்கூடங்கள் கோயிலாக இருந்தன, போன் வந்துதான் கெடுத்தது என்றும் சொல்கிறார்கள். அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். சாதியின் பேரால் பிள்ளைகளை நிலத்திலும் வகுப்புக்கு வெளியிலும் இருத்திப் படிப்பித்த ஊர் இது. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்று 1920களின் இறுதியில் உத்தரவு வந்தபோது, பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும் சம ஆசனத்துக்காக நின்றதை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். அவர்கள் யாருக்கு எதிராக நிற்கவேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளையை அவமானப்படுத்தலாம் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்றார்கள். இந்தப் பக்கம் மட்டும் என்றில்லை. 2023 ஓகஸ்ட்டில் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைக் கூடப் படித்த பொடியள் வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

பிரம்பும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் அடிப்பதைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. இருந்தும், ‘அடியாத மாடு படியாது’ என்று பெற்றாரே வந்து பிரம்பைக் கேட்கிறார்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடித்துத் திருத்தலாம் என்று காலையில் முன்வரிசையில் நின்று காட்டிவிட்டு, இடைவேளையில் பின்வரிசையில் அதையே செய்கிற பொடியனைப் பார்த்து என்ன முகத்தோடு கண்டிப்பது?

நாடகத்தின் கடைசிப் பகுதியில், தன் தகப்பன் தன்னை இடுப்புப் பட்டியால் விளாசியதை ஜேமியின் தகப்பன் எடி மனைவியிடம் சொல்கிறார். என் பிள்ளைகளுக்கு நான் அதைச் செய்யமாட்டேன் என்று அவர் தனக்குள் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றியும்விட்டார். ஜேமிமேல் அவர் ஒருநாளும் கை வைக்கவில்லை. அறைக்குள் கணினியோடு இருக்கிறான், வெளியே அலையவில்லை, பத்திரமாக இருக்கிறான் என்று தாயும் தகப்பனும் நிம்மதியாக இருந்தார்கள். எடியாக வரும் ஸ்டீபன் கிரஹாம் இந்த இடத்தில் நடிக்கிற நடிப்பை நான் மறக்கமாட்டேன். எங்கள் ஊரிலும் யுத்தத்துக்குள் வளர்ந்த தலைமுறை ஒரு சத்தியம் செய்தது. நாங்கள் பட்டது எங்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. பங்கர் வேண்டாம், பசி வேண்டாம், மரவள்ளிக்கிழங்கோடு நாளைக் கடத்துகிற நிலை வேண்டாம். கடன்பட்டும் வீட்டுக்கு மதில் கட்டினார்கள், பிள்ளைக்குத் தனியறை கட்டினார்கள், கொவிட் காலத்தில் சூம் வகுப்புக்கென்று போன் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சத்தியத்தை நிறைவேற்றியவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அது நிறைவேறியதோடு பிள்ளை தப்பிவிட்டது என்று எண்ணியதில்தான் அந்தத் திக்குவாய்ப் பொடியன் தனியே விடப்பட்டான்.

நாடகத்தில் வரும் பெண் பொலிஸ் அதிகாரி ஓரிடத்தில், இனி எல்லாரும் ஜேமியின் பெயரையே நினைவில் வைத்திருப்பார்கள், கேற்றியை எவரும் நினைக்கமாட்டார்கள் என்று மனம் வெந்து சொல்கிறார். நாடகமும் அந்தக் குற்றத்தைச் செய்கிறது; நான்கு மணித்தியாலத்தில் கேற்றியின் வீட்டு வாசலுக்குக்கூட எங்களைக் கூட்டிப்போகவில்லை. இங்கே வாள்வெட்டுக் குழுவுக்குப் பெயர் உண்டு, அதன் தலைவனுக்குப் பட்டப்பெயர் உண்டு. வெட்டுப்பட்டவன், ‘படுகாயமடைந்த இளைஞர் யாழ். போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்’ என்ற ஒற்றை வரியோடு போய்விடுகிறான். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போனானா, பேனை பிடிக்கக் கை வளைந்ததா என்று அடுத்த கிழமைப் பத்திரிகை தேடிப்போவதில்லை.

இங்கிலாந்தில் இந்த நாடகத்தை இடைநிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள்; பிரதமர் கியர் ஸ்டார்மரே அதை வரவேற்றார். யாழ்ப்பாணத்திலும் மாணவருக்குக் காட்டவேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். மாணவருக்கு இது தெரியும். அவர்கள் அதற்குள் இருக்கிறார்கள். எங்கள் பாடசாலைகளில் தவணைக்கொருமுறை பெற்றார் கூட்டம் நடக்கிறது. பிள்ளையின் புள்ளி அறிக்கையைக் கையில் கொடுத்து, கணிதத்தில் ஏன் குறைந்தது என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு தவணையாவது அந்தப் புள்ளி அறிக்கையைக் கொடுக்காமல், மண்டபத்து விளக்கை அணைத்து, தகப்பனுக்கு மகன் குறிகளை விளக்கும் அந்த இரண்டாம் பகுதியைப் பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் சேர்த்துப் போட்டுக்காட்டவேண்டும். முடிந்ததும் அதிபர் மேடையில் ஏறிப் பேசவேண்டாம். பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்து முன்கதிரைகளில் இருக்கட்டும். நாங்கள் கேட்க, அவர்கள் சொல்லட்டும். சொல்லும்போது, அந்த மண்டபத்தில் இருக்கிற ஒருவரும் 1995ஐப் பற்றி வாய் திறக்கக்கூடாது.