எதில் நூற்றுக்கு இருபது?

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் எஸ்.பி.எம். பரீட்சைக்கும் நுழைவுப் பரீட்சைகளுக்கும் பழகும் கணக்குகளுள் சதவிகிதக் கணக்கும் ஒன்று. ஒரு பொருளின் விலை நூற்றுக்கு 20 ஏறி, பின்னர் நூற்றுக்கு 20 இறங்கினால் முடிவில் என்னவாகும் என்று கேட்பார்கள். ஏறியதும் இறங்கியதும் ஒன்றுதானே, பழைய விலையே நிற்கும் என்று பிள்ளை எண்ணுகிறது. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் அந்தத் தவறான விடையும் ஒன்றாய் நின்று அதை அழைக்கிறது.

உண்மை வேறு. 100 வெள்ளி முதலில் 120 ஆகிறது. பின்னர்க் கழிவது பழைய நூற்றில் அன்று, புதிய 120இல். அதில் நூற்றுக்கு 20 என்பது 24 வெள்ளி. எஞ்சுவது 96. முதலில் இறங்கிப் பின்னர் ஏறினாலும் 80 ஆகி, அதன்மேல் 16 சேர்ந்து அதே 96தான். அடுத்தடுத்து வரும் சதவிகிதங்களைக் கூட்டலாகாது, பெருக்க வேண்டும் என்பதே விதி. 1.20ஐ 0.80ஆல் பெருக்கினால் 0.96.

இது பரீட்சை மண்டபத்தோடு ஒழியும் வித்தையன்று. தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு துணிக்கடையில், ‘நூற்றுக்கு 50 கழிவு, அதன்மேல் நூற்றுக்கு 20’ என்று அட்டை தொங்குவதாகக் கொள்வோம். 200 வெள்ளிச் சேலை 60 வெள்ளிக்கு வருமென்று நம்பிப் போகிறவர் 80 வெள்ளி கொடுக்க நேரும். கழிவு 70 அன்று; 60. அட்டையும் பொய் சொல்லவில்லை.

சேலையில் போவது 20 வெள்ளி. கூலியில் போவதோ குடும்பத்தின் சோறு. 1930ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாத் தோட்டங்களில் நம்மவரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 ஆகவும், பெண்ணுக்கு 40இலிருந்து 32 ஆகவும் வெட்டப்பட்டது. வெட்டு நூற்றுக்கு 20. ‘வெட்டிய நூற்றுக்கு 20ஐத் திருப்பிக் கொடுத்தோம்’ என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால், ஆணுக்குக் கிடைப்பது 48 காசு. பழைய 50ஐத் தொட நூற்றுக்கு 25 வேண்டும். 1938இல் 50 காசு 45 ஆகவும், பெண்ணின் 40 காசு 35 ஆகவும் குறைக்கப்பட்டன. இருவருக்கும் ஐந்து காசுதானே என்பர். ஆணுக்கு அது நூற்றுக்கு 10. முன்னரே குறைவாய்ப் பெற்ற பெண்ணுக்கோ நூற்றுக்கு 12½. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டுமென்றார்கள். எதை அடியாக வைத்து அளப்பது என்னும் கேள்வியைப் பள்ளிக்கூடம் காணாத பலரும் அன்றே கேட்டுவிட்டனர்.

இக்காலத்திலும் அதே கேள்வி நிற்கிறது. கோலாலம்பூர், கிள்ளான் போன்ற நகரங்களில் 2020இல் 1,200 வெள்ளியாயிருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022இல் 1,500 ஆகவும், 2025இல் 1,700 ஆகவும் உயர்த்தப்பட்டது. முதல் உயர்வு நூற்றுக்கு 25. அடுத்தது ஏறத்தாழ 13.3. கூட்டினால் 38.3, உண்மையில் உயர்ந்தது 41.7. இங்கே இரண்டாம் உயர்வு முதலாவதன்மேல் ஏறியதால் தொழிலாளிக்குக் கூடுதலே கிடைத்தது. வீட்டு வாடகையும் அரிசி விலையும் ஆண்டுதோறும் ஏறும்போது அவையும் இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாய்த்தான் ஏறும் என்பதையும் மறக்கலாகாது.

செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம் இக்கணக்கை ஆங்கிலத்தில் கற்றோம். சம்பளச் சீட்டை நீட்டி, ‘ஐயா, இதில் எவ்வளவு கூடியிருக்கிறது?’ என்று கேட்கும் பெண்மணிக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடாத படிப்பினால் தோட்டத்துக்கு என்ன பயன்? பெற்றோரும், பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் அமர்ந்து, ‘எதில் நூற்றுக்கு இருபது?’ என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பழக்குவார்களாக. பரீட்சையில் மதிப்பெண் வரும். நாளை ஒருவன் சதவிகிதத்தைச் சொல்லிக் கூலி பேச வரும்போது, அப்பிள்ளை அவனையும் அதே கேள்வி கேட்கும்.